இரண்டு நுண்ணோக்கிகள் எதற்கு? கரு ஸ்டெம் செல் ஆய்வும் அமெரிக்க அரசின் பணமும்

புஷ் ஆட்சிக் காலத்தில் அமெரிக்காவில் கரு ஸ்டெம் செல் ஆய்வுக்குத் தடை இருந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு தடை அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. மனிதக் கருவை ஆய்வுக்காகச் சிதைக்கக் கூடாது என்று அந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சவுத் டகோட்டா போன்ற சில மாநிலங்கள் தத்தம் எல்லைக்குள் தடுத்தன, அவ்வளவுதான். வாஷிங்டன் மறுத்தது பணத்தை மட்டும். தனியார் காசில் செய்கிறவரிடம் ‘எத்தனை கரு எடுத்தாய், யாரிடம் கேட்டு எடுத்தாய்’ என்று கூட்டாட்சி அரசு விசாரிக்கக்கூட இல்லை.

பணத்தை மறுத்தால் பொறுப்பிலிருந்தும் விலகிக்கொள்ளலாம் என்ற இந்தக் கணக்குதான் அங்கே நடந்த எல்லாக் கூத்துக்கும் மூலம். கருவுக்கு உயிர் மதிப்பு உண்டா என்று தொடங்கிய விவாதம், எந்த நுண்ணோக்கியை யார் காசில் வாங்கினார்கள் என்ற தணிக்கையில் போய் முடிந்தது. அது எப்படி என்று புரிய, சட்டம் கோடு கிழித்த இடத்தை முதலில் ஆய்வகத்துக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். கோடு விழுந்திருப்பது ஒரு குறிப்பிட்ட செய்முறைப் படியின் மேல்.

ஐந்தாம் நாள்

கருவுற்ற ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் கரு ஒரு நீர்க்குமிழி போல இருக்கும். பிளாஸ்டோசிஸ்ட் என்பது அதன் பெயர். கண்ணுக்கு ஒரு தூசி, மொத்தம் 100 முதல் 200 செல்கள். குமிழியின் சுவராக இருக்கும் செல்கள் பின்னால் நஞ்சுக்கொடி ஆகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்துக்கு உட்செல் திரள் என்று பெயர். உடம்பின் எல்லாத் திசுக்களும் அந்தக் கொத்திலிருந்து வருபவை. ஆய்வாளருக்கு வேண்டியதும் அதுதான்: அதைத் தட்டில் வளர்த்தால் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம் செல்கள் கிடைக்கும்.

அதை எடுக்கும் பழைய முறை இது. கருவைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற உறையைப் புரோனேஸ் என்ற நொதியால் கரைக்கிறார்கள். பிறகு மனித செல்களோடு ஒட்டும் எதிர்ப்பொருள் கரைசலில் கருவை ஊறவைக்கிறார்கள். சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் எதிர்ப்பொருள் உள்ளே புக முடியாது. வெளிச்சுவரில் மட்டும் ஒட்டும். கழுவிவிட்டு, கினிப் பன்றியின் சீரத்தில் போட்டால் அதிலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் எதிர்ப்பொருள் ஒட்டிய செல்களை மட்டும் தேடி உடைக்கும். சுவர் பொரிந்து உதிர்கிறது. மிஞ்சும் கொத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்து, ஏற்கெனவே தயாராக இருக்கும் ஊட்டுச் செல் படுக்கையின் மேல் வைக்கிறார்கள். அந்தப் படுக்கை எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களால் ஆனது. அவை உயிரோடு இருந்து சத்து சுரக்க வேண்டும், ஆனால் பெருகிவிடக் கூடாது. அதற்காக மைட்டோமைசின் மருந்தாலோ கதிர்வீச்சாலோ அவற்றின் பிரியும் திறனை முன்கூட்டியே முடக்கிவிடுவார்கள்.

இதில் எங்கு வேண்டுமானாலும் கோட்டை விடலாம். சுவர்ச் செல்கள் நாலைந்து தப்பிவிட்டால் அவையே பெருகித் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஊட்டுப் படுக்கை பழசாகியிருந்தால் ஸ்டெம் செல்கள் ஒரே வாரத்தில் நரம்புச் செல், தோல் செல் என்று ஆளுக்கொரு பக்கம் உருமாறிப் போகும். ஒன்பது முதல் பதினைந்து நாளில் கொத்து வளர்ந்ததும் அதைத் துண்டுகளாக்கிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒற்றை ஒற்றைச் செல்லாகப் பிரித்தால் பெரும்பாலானவை செத்துவிடும். ராக் நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளைக் கலந்தால் அவை பிழைத்துக்கொள்ளும் என்று 2007இல்தான் தெரிந்தது. அதுவரை கையால் சீவிச் சீவித்தான் துண்டு போட்டார்கள். வளர்ந்த பிறகும் நிம்மதி கிடையாது. மாதக்கணக்கில் வளர்க்கும்போது 12, 17, 20ஆம் குரோமோசோம்களில் கூடுதல் நகல்கள் முளைக்கும். அப்படி மாறிய செல்கள் வேகமாகப் பெருகி நல்லவற்றை ஓரங்கட்டிவிடும். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் குரோமோசோம்களைச் சரிபார்க்காத ஆய்வகத்தின் முடிவுகளை யாரும் நம்புவதில்லை.

விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் 1998 நவம்பரில் இதை முதன்முதலாக மனிதக் கருவில் செய்துகாட்டினார். எலியில் 1981இலேயே செய்தாகிவிட்டது. மனிதனுக்கு வந்து சேரப் பதினேழு ஆண்டு பிடித்தது. தானமாக வந்த 36 கருக்களை வளர்த்து, 14 உட்செல் திரள்களைப் பிரித்து, கடைசியில் ஐந்து வழித்தொடர்களை, அதாவது ஒரே கருவிலிருந்து வந்து தட்டில் ஓயாமல் பெருகிக்கொண்டே போகும் செல் பரம்பரைகளை, நிலைநிறுத்தினார். எச்1, எச்7, எச்9, எச்13, எச்14 என்பவை அவற்றின் பெயர்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரு சிதைவது, சீரத்தில் சுவர் உதிரும் அந்தச் சில நிமிடங்களில். அதற்குப் பிறகு கரு என்று எதுவும் இல்லை. இருப்பது ஒரு செல் வழித்தொடர். திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கூரியரில் அனுப்பக்கூடிய பொருள். அதைப் பத்தாண்டு கழித்து வேறொரு ஊரில் வளர்க்கிறவர் எந்தக் கருவையும் தொடுவதில்லை. அப்படியானால் அவர் செய்வது ‘கருவைச் சிதைக்கும் ஆய்வு’ ஆகுமா? பிறகு நடந்த வழக்குகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஒரே ஒரு வாக்கியம்

தாம்சனின் வெற்றிக்கு ஏறக்குறைய மூன்றாண்டு முன்பு, 1996 ஜனவரியில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆர்க்கன்சாஸ் உறுப்பினர் ஜே டிக்கியும் மிசிசிப்பி உறுப்பினர் ரோஜர் விக்கரும் சுகாதாரத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டோடு ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆய்வுக்காக மனிதக் கருவை உருவாக்கவோ, மனிதக் கரு அழிக்கப்படுகிற, அப்புறப்படுத்தப்படுகிற, அல்லது அறிந்தே ஆபத்துக்கு உள்ளாக்கப்படுகிற ஆய்வுக்கோ இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது அதன் சாரம். இதற்கு ஆயுள் ஓராண்டுதான். ஆனால் அடுத்த ஆண்டும் சேர்த்தார்கள், அதற்கடுத்த ஆண்டும் சேர்த்தார்கள். கட்சி மாறியது, ஆட்சி மாறியது, இந்த வாக்கியம் மாறவில்லை.

எழுதியவர்கள் ஸ்டெம் செல்லை நினைத்து எழுதவில்லை, ஏனென்றால் அப்போது மனித ஸ்டெம் செல் வழித்தொடரே கிடையாது. அவர்கள் மறித்தது சோதனைக்குழாய்க் கருக்களை நேரடியாக வைத்துச் செய்யும் ஆய்வை. ஆய்வுக்கென்றே கருவை உருவாக்குவதற்கும் சில சூழல்களில் அரசுப் பணம் தரலாம் என்று 1994இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்திருந்தது. அதைக் கிளின்டனே ஏற்கவில்லை. நாடாளுமன்றம் ஒருபடி மேலே போய், கருத்தரிப்புச் சிகிச்சையில் மிஞ்சும் கருக்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியது. தாம்சனும் இந்த வாக்கியத்துக்குப் பயந்துதான் தன் வழக்கமான ஆய்வகத்தில் மனிதக் கரு வேலையைச் செய்யாமல், கலிபோர்னியாவின் ஜெரான் நிறுவனத்தின் பணத்தில் வளாகத்தின் இன்னொரு பக்கம் தனியாக ஓர் ஆய்வகம் வைத்துச் செய்தார்.

சுகாதாரத் துறையின் தலைமை வழக்கறிஞர் ஹேரியட் ராப் 1999 ஜனவரியில் ஒரு விளக்கம் கொடுத்தார். ஸ்டெம் செல்லைக் கருப்பையில் வைத்தாலும் குழந்தை ஆகாது. ஆகவே அது கரு இல்லை. ஆகவே அதைப் பயன்படுத்தும் ஆய்வு அந்த வாக்கியத்துக்குள் வராது. உருவாக்குவது தனியார் காசில், பயன்படுத்துவது அரசுக் காசில் என்று பாதை பிரிந்தது. அறிவியல்படி ராப் சொன்னது சரி. அறநெறிப்படி பார்த்தால் கசாப்புக் கடைக்காரரைக் குறைசொல்லிக்கொண்டே கறி வாங்குவது போன்ற ஏற்பாடு என்று எதிர்த்தவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. இந்த அடிப்படையில் 2000 ஆகஸ்டில், மருத்துவ ஆய்வுக்கான அரசுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் தேசிய சுகாதார நிறுவனம் விதிமுறைகளை வெளியிட்டது. ஒரு டாலர் கைமாறுவதற்குள் ஆட்சி மாறிவிட்டது.

இரவு ஒன்பது மணி

2001 ஆகஸ்ட் 9 அன்று புஷ் தன் டெக்சஸ் பண்ணையிலிருந்து தொலைக்காட்சியில் பேசினார். அன்று கிழக்கு நேரம் இரவு ஒன்பது மணிக்கு முன் உருவாக்கம் தொடங்கிவிட்ட வழித்தொடர்களுக்கு மட்டும் அரசுப் பணம் உண்டு. அதற்குப் பின் வருபவற்றுக்கு இல்லை. அந்தக் கருக்கள் குழந்தைப் பேற்றுக்காக உருவாக்கப்பட்டு மிஞ்சியவையாக இருக்க வேண்டும், பெற்றோர் ஒப்புதல் தந்திருக்க வேண்டும், காசு கைமாறியிருக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது சுலபம். ஆனால் உள்ளே ஒரு தர்க்கம் இருக்கிறது. ஏற்கெனவே சிதைந்த கரு திரும்பி வரப்போவதில்லை. அதிலிருந்து வந்த செல்லை ஒதுக்கி வைப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் நாளை உருவாகும் செல்லுக்கும் பணம் உண்டு என்று சொன்னால், நாளை கருவைச் சிதைக்க அரசே ஆள் வைத்த மாதிரி ஆகிவிடும். தேதி குறித்துவிட்டால் அந்தத் தூண்டுதல் அறுந்துபோகிறது. உடந்தை ஆவதைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு இதைவிடக் கச்சிதமான வழி கிடையாது என்றே எனக்குத் தோன்றுகிறது. கெட்டுப்போனது செல்கள் விஷயத்தில்.

புஷ் பேசியபோது அறுபதுக்கும் மேற்பட்ட வழித்தொடர்கள் இருப்பதாகச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் வந்த பட்டியலில் ஐந்து நாடுகளின் பத்து ஆய்வகங்களில் 64 என்று இருந்தது. அதில் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் பெயரில் மட்டும் 19. பிறகு எண்ணிக்கை 78 வரை ஏறியது. ஆனால் ஆய்வாளர் கேட்டால் கையில் கிடைத்தவை இருபத்தொன்றைச் சுற்றித்தான். மற்றவை என்ன ஆயின? சில வெறும் உறைந்த உட்செல் திரள்கள். உருக்கிப் பார்த்தபோது வளரவில்லை. சில உரிமையாளர்களின் நிபந்தனைகளில் சிக்கின. சில சரிபார்க்கும் கட்டத்தையே தாண்டவில்லை. ‘உருவாக்கம் தொடங்கியது’ என்பதற்கும் ‘வழித்தொடர் இருக்கிறது’ என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பட்டியல் போட்டவர்கள் யோசிக்கவில்லை. விஸ்கான்சினின் வைசெல் நிறுவனம் கல்வி நிலைய ஆய்வாளர்களிடம் முதலில் 5,000 டாலர் வாங்கிக்கொண்டுதான் செல்களை அனுப்பியது. பிறகு அது 500 ஆக இறங்கியது.

இன்னொரு சிக்கல் 2005 ஜனவரியில் வெளியே வந்தது. எலிச் செல் படுக்கையிலும் விலங்குச் சீரத்திலும் வளர்ந்த மனித ஸ்டெம் செல்கள், மனித உடல் தானாகச் செய்யாத ஒருவகைச் சயாலிக் அமிலத்தை உறிஞ்சித் தம் மேற்பரப்பில் அணிந்துகொண்டிருந்தன. நம் இரத்தத்தில் அந்தப் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாகவே உண்டு. அப்படியே நோயாளிக்குச் செலுத்தினால் உடல் தாக்கக்கூடும். அரசுப் பணம் பெறத் தகுதியான வழித்தொடர்கள் எல்லாம் எலிப் படுக்கையில் பிறந்தவை. எலி வாடையே இல்லாத புதியவற்றை உருவாக்கும் முறைகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் அவை ஒன்பது மணிக்குப் பின் பிறந்தவை.

ஸ்டிக்கர் ஒட்டிய இன்குபேட்டர்

புதிய வழித்தொடர்களை வைத்து வேலை செய்ய விரும்பியவர்கள் அறக்கட்டளைகளிடமும் கொடையாளிகளிடமும் போனார்கள். ஹார்வர்டில் டக்ளஸ் மெல்ட்டனின் குழு 2004இல் 17 புதிய வழித்தொடர்களைத் தனியார் பணத்தில் உருவாக்கியது. இப்போது ஒரே ஆய்வகத்தில் இரண்டு வகைச் செல்கள்: ஒன்று அரசுப் பணம் படலாம், மற்றது படக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டையும் வைத்திருக்கலாம், செலவைப் பிரித்துக் கணக்குக் காட்டினால் போதும் என்றுதான் அரசு சொன்னது. அந்தப் ‘போதும்’ என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள்.

37 டிகிரியில், ஐந்து சதவீதக் கரியமில வாயுவில் செல்லை வைத்திருக்கும் இன்குபேட்டர் எந்த நிதியில் வாங்கியது? அரசு நிதி என்றால் தகுதியற்ற செல் அதற்குள் போகக் கூடாது. நுண்ணோக்கி? அதுவும் அப்படியே, ஆகவே இரண்டு வேண்டும். திரவ நைட்ரஜன் தொட்டி, மையவிலக்கி, பிப்பெட் முனைப் பெட்டி, வளர்ப்பூடகப் புட்டி என்று எல்லாவற்றுக்கும் இரட்டைக் கணக்கு. பல ஆய்வகங்களில் கலர் ஸ்டிக்கர் ஒட்டிப் பிரித்தார்கள். அரசின் பயிற்சி உதவித்தொகையில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர் தவறான ஸ்டிக்கர் ஒட்டிய தட்டை ஞாயிற்றுக்கிழமை ஊடகம் மாற்றுவதற்காகத் தொட்டால்கூட அவருடைய நேரம் தவறான கணக்கில் விழும். கட்டட வாடகை, மின்சாரம் போன்ற மறைமுகச் செலவுகளையும் விகிதம் போட்டுப் பிரிக்க வேண்டும். தணிக்கையில் பிசகினால் அந்த ஓர் ஆய்வுக்கான பணம் மட்டுமில்லை, பல்கலைக்கழகத்தின் ஒட்டுமொத்த அரசு நிதியும் கேள்விக்குள்ளாகும் என்ற பயத்தில் நிர்வாகங்கள் சட்டம் கேட்டதைவிட இறுக்கமாகவே நடந்துகொண்டன. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. ஒரு கருவைக்கூட இது காப்பாற்றவில்லை. இரண்டாவது நுண்ணோக்கியை விற்றவருக்கு லாபம்.

கருக்கள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன. அமெரிக்கக் கருத்தரிப்பு மையங்களில் உறைநிலையில் சுமார் நான்கு லட்சம் கருக்கள் இருப்பதாக 2003இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொன்னது. பெரும்பாலானவை பெற்றோர் தம் சொந்தச் சிகிச்சைக்காக வைத்திருந்தவை. ஆய்வுக்கென ஒதுக்கியவை 2.8 சதவீதம், அதாவது சுமார் 11,000. உருக்கும்போது அழிபவை, ஐந்தாம் நாளை எட்டாதவை எல்லாம் போக, அத்தனையையும் பயன்படுத்தினாலும் 275 வழித்தொடர்கள்தான் தேறும் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. வேண்டாமென்று அப்புறப்படுத்தும் கருக்களைக் கூட்டாட்சி அரசு எண்ணுவதில்லை. ‘எப்படியும் போகப்போகிறது, பயன்படட்டும்’ என்ற வாதத்துக்கு இதுவே பலம். சாகப்போகிற நோயாளியைக் கொல்ல அது அனுமதி ஆகுமா என்று மறுதரப்பு கேட்கும். கருவும் நோயாளியும் ஒன்று என்று ஏற்றால் அந்தப் பதிலை உடைக்க முடியாது. ஏற்காவிட்டால் அது பொருந்தவே பொருந்தாது. விவாதம் அங்கேயே நின்றுவிடுவதால்தான் எல்லோரும் பணத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அரசு விலகிய இடத்தில் விதிகளும் விலகின. மனிதர்களைக் கொண்ட ஆய்வுக்கான கூட்டாட்சி விதிகள் பெரும்பாலும் அரசுப் பணத்தோடு சேர்ந்தே வருபவை. பணம் இல்லையென்றால் கண்காணிப்பும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 2005இல் தேசிய அறிவியல் கழகங்கள் தாமாக முன்வந்து வழிகாட்டு நெறிகளை எழுதின. பல்கலைக்கழகங்கள் தனிக் குழுக்கள் வைத்து அவற்றைப் பின்பற்றின. கட்டாயம் என்று எதுவும் இல்லை. பிரிட்டன் இதை நேர்மாறாகச் செய்தது. அங்கே 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவைத் தொடுகிற யாரும், எவர் காசில் செய்தாலும், ஒரே ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். பதினான்கு நாளுக்கு மேல் வளர்த்தால் குற்றம். 2001இல் ஸ்டெம் செல் ஆய்வையும் உரிமம் தரக்கூடிய நோக்கங்களில் சேர்த்துவிட்டு, அரசே பணமும் கொடுத்தது. கருவை மதிப்பதாகச் சொன்ன நாட்டில் தனியார் ஆய்வகம் கேள்வியில்லாமல் இயங்கியது. ஆய்வை அனுமதித்த நாட்டில் ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு இருந்தது. இந்த முரணை அமெரிக்க விவாதத்தில் யாரும் போதிய அளவு பேசியதில்லை.

அரசுப் பணம் இருந்தாலே எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றும் இல்லை. தென்கொரியாவில் ஹ்வாங் வூ-சக் அரசின் முழு ஆதரவோடுதான் குளோனிங் மூலம் ஸ்டெம் செல் எடுத்ததாக 2004, 2005இல் அறிவித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகள் செலவாகியிருந்தன, சில அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்களிடமிருந்தே வந்திருந்தன, முடிவுகள் புனைந்தவை. 2006 ஜனவரியில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கருமுட்டை எடுக்கப் பெண்ணுக்கு நாள்கணக்கில் ஹார்மோன் ஊசி போட வேண்டும். சூலகம் வீங்கி வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையில் சேரும் நிலையும் சிலருக்கு வரும். கலிபோர்னியா இதற்காகவே செலவுத் தொகை தவிர வேறு பணம் தரக் கூடாது என்றது. நியூயார்க் 2009இல் பொதுப் பணத்திலிருந்தே 10,000 டாலர் வரை தரலாம் என்றது. கருவின் மதிப்பைப் பற்றி நடந்த பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பெண்களைப் பற்றி நடக்கவில்லை.

கலிபோர்னியாவின் கதையும் பணத்தின் கதைதான். 2004 நவம்பரில் வாக்காளர்களே ஸ்டெம் செல் ஆய்வுக்காக 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் தந்தார்கள். வழக்குகளால் 2007 வரை பத்திரம் விற்க முடியவில்லை. தேசிய சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு முழு நாட்டுக்கும் மனிதக் கரு ஸ்டெம் செல் ஆய்வுக்கெனக் கொடுத்தது நான்கு கோடிச் சொச்சம்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி

2009 மார்ச் 9 அன்று ஒபாமா தேதிக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஜூலையில் வந்த விதிமுறைகள் தேதிக்குப் பதில் ஒப்புதலைப் பிடித்துக்கொண்டன. கரு குழந்தைப் பேற்றுக்காக உருவாக்கப்பட்டு மிஞ்சியதாக இருக்க வேண்டும். ஆய்வுக்கென்றே உருவாக்கியதும் குளோனிங்கில் வந்ததும் கூடாது. அந்த மையத்தில் கிடைக்கும் மற்ற வழிகள் அத்தனையையும் தம்பதிக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறுத்தால் சிகிச்சை குறையாது என்ற உறுதி, பணமோ பொருளோ தராமை, குழந்தைக்காகக் கருவை உருவாக்கும் முடிவும் ஆய்வுக்குக் கொடுக்கும் முடிவும் தனித்தனியாக இருத்தல், இந்தச் செல்கள் பல ஆண்டு உயிரோடு இருக்கும், வணிக லாபம் வரலாம், அதில் உங்களுக்குப் பங்கு இல்லை என்ற தெளிவு. சிகிச்சை தரும் மருத்துவரே ஆய்வாளராக இருப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். தானக் கருமுட்டை கொடுத்த மூன்றாவது நபரின் ஒப்புதல் 2005ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியில் இருந்தது. 2009ஆம் ஆண்டு விதி சிகிச்சைக்கு வந்தவர்களின் ஒப்புதலோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு இது ஒரு படி பின்னேற்றமாகவே படுகிறது.

விதி காகிதத்தில் மட்டும் இல்லை என்று 2010 ஜூனில் தெரிந்தது. சிகாகோவின் ஓர் ஆய்வு நிறுவனம் அனுப்பிய 47 வழித்தொடர்களைத் தேசிய சுகாதார நிறுவனத்தின் அப்போதைய தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ் ஒட்டுமொத்தமாக நிராகரித்தார். அவற்றில் பல, குறிப்பிட்ட மரபணு நோய்கள் கொண்ட கருக்களிலிருந்து வந்தவை, ஆய்வாளர்கள் ஆவலோடு காத்திருந்தவை. செல்களில் குற்றமில்லை. தானம் செய்தவர்கள் பின்னால் எதற்கும் உரிமை கோர மாட்டோம் என்று விட்டுக்கொடுக்கும் வாசகம் ஒப்புதல் படிவத்தில் இருந்தது. அப்படி எழுதி வாங்குவது அறநெறிக்கு ஒவ்வாது என்பதால் 47ம் போயின. கருவைத் திரும்பக் கொண்டுவர முடியாது, கையெழுத்தைத் திருத்தவும் முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று நீதிபதி ராய்ஸ் லாம்பர்த் எல்லாவற்றையும் நிறுத்தினார். வழக்குப் போட்ட ஜேம்ஸ் ஷெர்லியும் தெரசா டீஷரும் வயதுவந்தோர் ஸ்டெம் செல் ஆய்வாளர்கள். கரு ஸ்டெம் செல்லுக்குப் போகும் பணம் தங்களுக்கு வரவேண்டிய பணத்தைக் குறைக்கிறது என்பதே அவர்கள் நீதிமன்றத்துக்குள் நுழையக் காட்டிய காரணம். வழித்தொடரை உருவாக்குவது, பயன்படுத்துவது என்று ஆய்வை இரண்டாக வெட்ட முடியாது, எல்லாம் ஒரே ஆய்வு என்றார் லாம்பர்த். ராப் 1999இல் கிழித்த கோடு அழிந்தது. பதினேழு நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது. 2011 ஏப்ரலில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. ‘அழிக்கப்படுகிற’ என்று சட்டம் நிகழ்காலத்தில் சொல்வதால் ஏற்கெனவே நடந்து முடிந்ததை அது குறிக்காது என்று கொள்வது தவறில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. கோடிக்கணக்கான டாலர் ஒரு வினைச்சொல்லின் காலத்தில் தொங்கியது. உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் வழக்கை எடுக்க மறுத்தது.

ஜெர்மனி தேதியை விடவில்லை. அங்கே வழித்தொடர் உருவாக்குவதே குற்றம். 2002ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு ஜனவரி 1க்கு முன் வெளிநாட்டில் உருவானவற்றை மட்டும் இறக்குமதி செய்ய விட்டது. செல்கள் பழசானதும் 2008இல் தேதியை 2007 மே 1க்கு நகர்த்தினார்கள். தூண்டுதலை அறுக்கத்தான் தேதி. ஒருமுறை நகர்ந்த தேதி மறுபடியும் நகரலாம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அது எதை அறுக்கும்?

ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் வயதுவந்த தோல் செல்லையே நான்கு மரபணுக்களால் ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டியதும் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எழுதினார்கள். பாதி தீர்ந்தது. மாற்றிய செல் சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒப்பிடும் அளவுகோல் கரு ஸ்டெம் செல்தான். அவற்றை வளர்க்கும் முறையும் அங்கிருந்து வந்ததுதான்.

எச்9 இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தனியார் பணத்தில் பிறந்து, 2001 பட்டியலில் இடம்பிடித்து, 2010 ஏப்ரலில் புதிய விதிப்படி மறுபடியும் பதிவானது. நியூயார்க்கில் மாநில நிதியின் உதவியோடு அதிலிருந்து டோபமைன் நரம்புச் செல்களை வளர்த்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் பன்னிரண்டு பேரின் மூளையில் அவற்றைச் செலுத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவு 2025 ஏப்ரலில் வெளியானது. ஐந்து பேருக்கு மூளையின் ஒவ்வொரு பக்கமும் 9 லட்சம் செல்கள், ஏழு பேருக்கு 27 லட்சம். ஓராண்டு எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்தும் செல்கள் உயிரோடு இருந்தன, கட்டி எதுவும் வரவில்லை. வேலை செய்கிறதா என்பதை அடுத்த கட்டச் சோதனைதான் சொல்லும். டிக்கி–விக்கர் வாக்கியம் அமலில் இருக்கும்வரை, எச்9 போல இன்னொன்றைத் தேசிய சுகாதார நிறுவனத்தின் பணத்தில் யாரும் உருவாக்க முடியாது.